ஃபியட் 500-ஐப் பந்தயத்துக்குத் தயாராக்குவது எப்படி: என்ஜினைக் கடைசியில் தொடுங்கள்

பழைய ஃபியட் 500 ஒன்றைப் பந்தயக் காராக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "எத்தனை குதிரைத்திறன் வரும்?" நானும் அப்படித்தான் கேட்டேன். இத்தாலியில் நண்பர் ஒருவரின் பட்டறையில் சனி, ஞாயிறுகளில் கை அழுக்காக்கிக்கொண்டு ஒரு காரைக் கட்டி முடித்த பிறகு, அந்தக் கேள்வியைப் பட்டியலின் அடியில் தள்ளி வைத்துவிட்டேன். இந்தக் குட்டிக் கார் பந்தயத்தைப் பாதியில் விடுவது பெரும்பாலும் சூட்டினால்தான். அதற்கு முன்பே விடுவதென்றால், காகிதம் சரியில்லாமல் பரிசோதனைக் கொட்டகையிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் காகிதம் முதலில், என்ஜின் கடைசியில்.

காரைப் பற்றி நாலு வரி. தாந்தே ஜியாகோசா வடிவமைத்த இது, டூரினில் 1957 ஜூலை 4 அன்று வெளியானது. பின்பக்கத்தில் காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர் என்ஜின், 479 சிசி, 13 குதிரைத்திறன். ஸ்கூட்டரிலிருந்து குடும்பத்தை இறக்கிக் காரில் ஏற்றத்தான் செய்தார்கள். ஆனால் எட்டே மாதத்தில், 1958 பிப்ரவரியில், கார்களை வேகமாக்கும் நிறுவனம் நடத்திய கார்லோ அபார்த் ஒரு 500-ஐ மோன்சா பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோய் ஏழு நாள் இரவு பகலாக ஓடவிட்டார். 168 மணி நேரம், சராசரி வேகம் மணிக்கு 108.252 கிலோமீட்டர். 1963-இல் அவருடைய நிறுவனம் 595 என்ற மாதிரியை வெளியிட்டது, 27 குதிரைத்திறன். அடுத்து வந்த 695-இல் சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓடும் நீளமும் இரண்டுமே 76 மில்லிமீட்டர், மொத்தம் 689.5 சிசி. நாம் கட்டப்போவது இந்த வம்சத்தில் ஒன்று.

முதல் வேலை: காகிதம்

வரலாற்றுக் கார் பந்தயங்களுக்கு எஃப்ஐஏ என்ற உலக மோட்டார் விளையாட்டு அமைப்பு வைத்திருக்கும் விதித்தொகுப்புக்கு 'இணைப்பு கே' என்று பெயர். அது கார்களைக் காலகட்டங்களாகப் பிரிக்கிறது. 1947 முதல் 1961 வரை 'ஈ'. 1962 முதல் 1965 வரை 'எஃப்'. 1966 முதல் 1969 வரை 'ஜி1', அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் 'ஜி2'. உங்கள் கார் எந்தக் காலகட்டத்தைச் சேர்ந்ததோ, அந்தக் காலத்தில் அந்த மாதிரிக்கு என்னென்ன பாகங்கள் அனுமதிக்கப்பட்டிருந்தனவோ அவை மட்டும்தான் உங்களுக்கு உண்டு. அந்தப் பட்டியல் இருக்கும் தாளுக்கு ஹோமோலொகேஷன் படிவம் என்று பேர். கார்புரேட்டர், வால்வின் விட்டம், கியர் விகிதம், பிரேக் ட்ரம்மின் அளவு எல்லாம் அதில் இருக்கும். ஒரு ஸ்பேனர் வாங்குவதற்கு முன் இந்தப் படிவத்தின் நகலை வாங்குங்கள். அதைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஃபியட் 500-இன் ஆபத்தே அதன் வசதிதான். பின்னால் வந்த ஃபியட்களின் பாகங்கள் இதில் அப்படியே பொருந்தும். 1972-இல் வந்த 126-இன் சின்க்ரோ கியர்பாக்ஸ் (கியர் மாற்றும்போது வேகத்தைத் தானே ஒத்துப்போகச் செய்வது) ஏறும். 126-க்கு 1977-இல் வந்த 652 சிசி என்ஜின் ஏறும். 1980-இல் வந்த பாண்டா 30-இன் சிலிண்டர் ஹெட் ஏறும், நன்றாகவும் மூச்சு விடும். கடையில் டிஸ்க் பிரேக் செட்டும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் கண்ணடிக்கும். ரோட்டில் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் வரம். 1965 கார் என்று பதிந்துகொண்டு வருகிற உங்களுக்கு ஒவ்வொன்றும் தகுதிநீக்கம். "அந்தக் காலத்திலேயே யாராவது செய்திருப்பார்கள்" என்கிற வாதம் பரிசோதகரிடம் எடுபடாது. படிவத்தில் இருக்கிறதா என்று மட்டும்தான் அவர் பார்ப்பார்.

காலகட்டத்தையும் மாதிரியையும் முடிவு செய்த பிறகு, உங்கள் நாட்டின் மோட்டார் விளையாட்டு அமைப்பிடம் காருக்கான வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இத்தாலியில் ஏசிஐ ஸ்போர்ட், ஜெர்மனியில் டிஎம்எஸ்பி. கார் அந்தக் காலத்து அளவுகளுக்குப் பொருந்துகிறது என்று மட்டும்தான் அந்தப் பாஸ்போர்ட் சொல்லும். கார் அசல் அபார்த்தா, யார் ஓட்டியது என்கிற சரித்திரத்துக்கு அது சான்று கிடையாது. பாஸ்போர்ட்டைக் காட்டிக் கூடுதல் விலை கேட்பவரிடம் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டா ஹெட்டை விட மனசில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. இத்தாலிய மலையேற்றப் பந்தயங்களில் 'பிசிலிந்த்ரிகே' என்று இரட்டை சிலிண்டர் கார்களுக்குத் தனி வகுப்பே இருக்கிறது, அங்கே கைவைக்கும் சுதந்திரம் அதிகம். ஆனால் அது வேறு ஊர், வேறு திருவிழா.

காரைத் தேர்ந்தெடுப்பது

அசல் அபார்த் கிடைத்தால் தயவுசெய்து அதை வெட்டாதீர்கள். சாதாரண 500 டி அல்லது 500 எஃப் ஒன்றை எடுத்துக் கட்டுவதுதான் புதியவருக்கு நல்லது. (இவை மாதிரிகளின் பெயர்கள், மேலே சொன்ன காலகட்ட எழுத்துகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.) 1965 வரை வந்த டி-யில் கதவு பின்பக்கம் கீல் வைத்துத் திறக்கும். எஃப்-இல் வழக்கம்போல முன்பக்கக் கீல். ஓடும்போது கதவுத் தாழ் விட்டால் எது ஆபத்து என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயின்டைப் பார்க்காதீர்கள், என்ஜின் சத்தத்தையும் கேட்காதீர்கள். என்ஜினை எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம். ஒரு காந்தத்தையும் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுங்கள். தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், முன்னால் பேட்டரித் தட்டு, பின்சக்கரக் கைகள் பாடியோடு சேரும் இடம். இங்கெல்லாம் காந்தம் ஒட்டவில்லை என்றால் பட்டி பூசி மூடியிருக்கிறார்கள். இந்தக் காருக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது, தகடுதான் எலும்பு. எலும்பு துருப்பிடித்த காரில் எவ்வளவு விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர் போட்டாலும் அது தகட்டைத்தான் வளைக்கும்.

உயிரைக் காக்கும் வேலைகள்

ரோல் கேஜ், இருக்கை, பெல்ட், தீயணைப்பான், மின்துண்டிப்பு சுவிட்ச். இதெல்லாம் அலுப்பான வேலைதான், ஆனால் இந்தக் காரில் சில விசேஷங்கள் உண்டு.

முன்னிருக்கைக்கு மேலே கூரை துணிதான். கார் உருண்டால் தலைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் ரோல் கேஜ் ஒன்றுதான். குழாயின் விட்டமும் தடிமனும் விதியில் இருக்கின்றன, அதன்படி செய்து சான்று தரும் ஆளிடம் போங்கள். ஊர் வெல்டர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் இதற்கு மட்டும் வேண்டாம். தரைத் தகடு மெல்லியது என்பதால் குழாயின் கால் அதைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள வலுத்தகடு வைக்கச் சொல்கிறார்கள்.

அடுத்தது பெட்ரோல் டேங்க். அது முன்னால், உங்கள் முழங்காலுக்கு நேர் எதிரே இருக்கிறது. டேங்குக்கும் உங்களுக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டில் ஒரு ஒயர் போகும் ஓட்டைகூடத் திறந்திருக்கக் கூடாது. பெட்ரோல் குழாய் காரின் முழு நீளத்துக்கும் பின்னால் என்ஜினுக்குப் போகிறது. பழைய ரப்பரை ஒன்று விடாமல் மாற்றுங்கள், கிளிப்புகளையும் சேர்த்து.

இருக்கையும் பெல்ட்டும் வாங்கும்போது முத்திரையில் உள்ள தேதியைப் பாருங்கள். எஃப்ஐஏ-வின் 8855-1999 தர இருக்கைக்கு ஐந்து ஆண்டு ஆயுள், 8853-2016 தர பெல்ட்டுக்குப் பத்து ஆண்டு. சல்லிசாகக் கிடைக்கிறதென்று பழையதை வாங்கினால், கையில் வந்த ஆறாம் மாதம் அது அலங்காரப் பொருளாகிவிடும்.

பிரேக்

நான்கு சக்கரத்திலும் 170 மில்லிமீட்டர் ட்ரம். டிஸ்க் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஐந்நூறு கிலோ காருக்கு இது போதும், ஆனால் எல்லாம் சரியாக இருந்தால் மட்டும். ட்ரம்களை லேத்தில் போட்டு வட்டம் பாருங்கள். கால் மில்லிமீட்டர் முட்டைவடிவம் இருந்தாலே பெடல் துடிக்கும். வீல் சிலிண்டர்களையும் மாஸ்டர் சிலிண்டரையும் பழுதுபார்க்காமல் புதிதாகப் போடுங்கள். சூட்டைத் தாங்கும் லைனிங் ஒட்டிக்கொடுக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். லைனிங் ட்ரம்மோடு முழுப்பரப்பிலும் உட்காரும்படி ஷூவை ட்ரம்மின் அளவுக்கே கடைந்து தரச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலைக்குப் பிறகு எங்கள் கார் நின்ற விதத்தைப் பார்த்து, டிஸ்க் பற்றிப் பேசுவதை நண்பர் நிறுத்திவிட்டார்.

அசல் அமைப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சுற்றுதான். ஒரு குழாய் விட்டால் நான்கும் போச்சு. இரட்டைச் சுற்றுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், உங்கள் பந்தய அமைப்பின் பரிசோதகரிடம் முன்கூட்டியே எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு மாற்றுங்கள்.

சஸ்பென்ஷனும் டயரும்

முன்பக்கத்தில் ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங், குறுக்காக. அதுவே ஸ்பிரிங், அதுவே கீழ்க் கை. அதனால் முன்பக்கத்தைத் தாழ்த்த அதன் வளைவைக் குறைத்தால், உயரத்தோடு சக்கரத்தின் சாய்வும் மாறும். இதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. அளவுக் கருவி உள்ள இடத்தில், ஓட்டுநர் எடைக்குச் சமமான மூட்டையை இருக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். காரின் எடையே அரை டன் என்னும்போது எழுபது எண்பது கிலோ ஆள் உட்கார்ந்தால் எல்லா அளவும் மாறிவிடும்.

முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்களைப் புதிதாகப் போட்டு, கிரீஸ் அடிக்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தால் முதலில் பெட்டியைத் திறக்காமல் கிங்பின்னையும் மூட்டுகளையும் பாருங்கள்.

பின்பக்கம் சுருள் ஸ்பிரிங்கும் சாய்ந்த கைகளும். தாழ்த்தினால் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாயும், வளைவில் அது நல்லதுதான். அளவு மீறினால் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் இணைப்புகள் கோணம் தாங்காமல் சீக்கிரம் தேயும். இருபது மில்லிமீட்டரில் ஆரம்பியுங்கள். ஆளைத் தரையில் உரச வைக்கும் கார்கள் படத்தில் அழகாக இருக்கும், மேடுபள்ளத்தில் சக்கரம் தரையைத் தொடாமல் பறக்கும்.

டயர் விஷயத்தில் சொந்த யோசனை வேண்டாம். உங்கள் காலகட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட பழைய வடிவ டயர்களின் பட்டியல் இருக்கிறது, அதில் 12 அங்குலத்தில் கிடைப்பதை வாங்குங்கள். அவற்றின் பிடி சுமார்தான். ஆனால் நழுவப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நழுவும், புதியவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

சூடு

இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

தண்ணீரால் குளிரும் காரில் ரேடியேட்டர் இருக்கிறது, கொஞ்ச நேரத்துக்குச் சூட்டை உள்வாங்கிக்கொள்ள நாலைந்து லிட்டர் தண்ணீர் இருக்கிறது. ஃபியட் 500-இல் அந்த மெத்தை கிடையாது. இரண்டு வார்ப்பிரும்பு சிலிண்டர்கள், மேலே ஓர் அலுமினிய ஹெட், சுற்றிலும் ஒரு தகரக் கூடு, அதற்குள் காற்றை ஊதும் ஒரு ஃபேன். ஃபேன், டைனமோவின் தண்டிலேயே மாட்டியிருக்கிறது. ஒரே பெல்ட் இரண்டையும் சுற்றுகிறது. இதிலிருந்து முதல் பாடம்: ஓடும்போது சார்ஜ் சிவப்பு விளக்கு எரிந்தால் "சார்ஜ்தானே, அப்புறம் பார்க்கலாம்" என்று ஓட்டாதீர்கள். பெல்ட் போயிருந்தால் ஃபேனும் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஒரு சுற்றை முடிக்க நினைத்தாலும் பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டரில் இறுகிச் சிக்கிவிடும். அந்த விளக்குக்குப் பக்கத்திலேயே பெரிதாக 'நிறுத்து' என்று எழுதி ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கிண்டல் செய்ய மாட்டேன்.

பெல்ட்டின் இறுக்கம் டைனமோ கப்பியின் இரண்டு பாதிகளுக்கு நடுவே உள்ள வளையத் தகடுகளால் சரிசெய்யப்படுகிறது. நடுவிலிருந்து ஒரு தகட்டை எடுத்து வெளிப்பக்கம் வைத்தால் பெல்ட் இறுகும். கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல அமுங்க வேண்டும். அதிகம் இறுக்கினால் டைனமோ பேரிங் போகும், தளர்ந்தால் பெல்ட் வழுக்கும். வழுக்கும் பெல்ட் சிவப்பு விளக்கை எரிய விடாமலேயே குளிர்ச்சியைக் குறைக்கும் என்பதுதான் மோசம்.

இரண்டாவது, தகரக் கூடு. புதியவர்கள் எடை குறைப்பதாக நினைத்து இதிலிருந்து துண்டு துண்டாகக் கழற்றுவார்கள். கூட்டில் ஓட்டை இருந்தால் காற்று சுலபமான வழியில் வெளியே போய்விடும், சிலிண்டரின் இறகுகளுக்கு நடுவே நுழையாது. எல்லாத் துண்டும் இருக்க வேண்டும், விளிம்புகள் அணைந்து உட்கார வேண்டும், விடுபட்ட திருகு ஒன்றுகூட இருக்கக் கூடாது. பாடியிலிருந்து ஃபேனுக்குக் காற்று கொண்டுவரும் ரப்பர் துருத்தி கிழிந்திருந்தால், என்ஜின் அறையின் வெந்த காற்றையே திரும்பத் திரும்பக் குடிக்கும். அம்பது ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கு அடைத்த இறகுகளைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்வது ஒரு மத்தியான வேலை. அதற்குச் செலவே கிடையாது, பலன் பெரிது.

மூன்றாவது, காற்று வெளியேறும் வாயில் தெர்மோஸ்டாட்டால் திறக்கும் ஒரு மூடி இருக்கிறது. குளிர்காலக் காலையில் என்ஜின் சீக்கிரம் சூடாவதற்காக வைத்தது. பந்தயத்தில் அதை முழுதாகத் திறந்த நிலையில் கம்பியால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் கழற்றிவிடுங்கள்.

என்ஜின் மூடியைப் பாதி திறந்து முட்டுக்கொடுத்து நிறுத்திய அபார்த் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வெந்த காற்று தேங்காமல் வெளியே போக அது உதவும். உங்கள் காருக்கு அந்த அமைப்பு அனுமதியா என்று படிவத்தைப் பார்த்துவிட்டு முட்டுக்கொடுங்கள்.

சூட்டின் மறுபாதி ஆயில். இந்த என்ஜினுக்கு ஆயில் வெறும் உராய்வுக்கு மட்டுமல்ல, சூட்டைச் சுமந்துபோகும் இரண்டாவது கூலியும் அதுதான். கொள்ளளவோ மிகக் குறைவு. நீண்ட வளைவில் ஆயில், அது தங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும். இரண்டு விநாடி போதும், பேரிங் போய்விடும். இறகு வைத்த பெரிய அலுமினிய சம்ப் அபார்த் காலத்திலேயே வந்த தீர்வு. அதற்குள் ஆயில் ஓடாமல் தடுக்கும் தடுப்புத் தகடு இருப்பதை வாங்குங்கள். நான் ஒரே ஒரு பாகத்துக்குத்தான் காசு வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

அசல் டாஷ்போர்டில் வேகமானி ஒன்றும் சில விளக்குகளும் மட்டும்தான். ஆயில் அழுத்தம், ஆயில் சூடு, என்ஜின் சுழற்சி ஆகிய மூன்று மானிகளைச் சேருங்கள். ஸ்பார்க் பிளக்கின் வாஷருக்குக் கீழே வைக்கும் வெப்ப உணரி கிடைக்கிறது, ஹெட்டின் சூட்டை நேரடியாகக் காட்டும். எங்கள் காரில் ஆயில் 120 டிகிரியைத் தாண்டினாலோ, ஹெட் 200-ஐ நெருங்கினாலோ ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது என்று ஒப்பந்தம்.

கார்புரேட்டரும், பொறியின் நேரத்தை வைக்கும் பாயிண்டும்கூடச் சூட்டுக் கணக்கில்தான் சேரும். பெட்ரோல் குறைவான கலவை அதிகச் சூட்டில் எரியும். பொறியை அளவுக்கு மீறி முன்னால் தள்ளினாலும் அப்படியே. அதனால் முதல் முறை, பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டை ஓர் எண் பெரிதாகவும், டைமிங்கைக் கொஞ்சம் பின்னாலும் வைத்து ஆரம்பியுங்கள். பிளக் கரி பிடித்தால் துடைத்துப் போடலாம். உருகிய பிஸ்டனை என்ன செய்வது?

இவ்வளவு தெரிந்தும் நான் ஒரு என்ஜினைக் கொன்றேன். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும்போது நட்டு எதுவும் உள்ளே விழக் கூடாதென்று ஃபேன் வாயில் ஒரு பழந்துணியை அடைத்தேன். வேலை முடிந்தது, துருத்தியை மாட்டினேன், துணியை மறந்தேன். சிசிலியில் பெர்குசா ஏரியைச் சுற்றி ஓடும் பந்தயத் தடத்தில் இரண்டாவது சுற்றிலேயே கார் அமைதியாகிவிட்டது. சிவப்பு விளக்கு எரியவில்லை, பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் பட்டறையில் இருந்த எல்லாத் துணிகளிலும் ஒரு முழம் சிவப்பு ரிப்பன் தைத்து வைத்திருந்தார்.

இப்போது என்ஜின்

சரி, குதிரைத்திறனுக்கு வருவோம்.

இரண்டு பிஸ்டனும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வரும் என்ஜின் இது. குலுங்குவது அதன் பிறவிக் குணம். அதனால் முதல் காசை பேலன்ஸிங்குக்குச் செலவழியுங்கள். இரண்டு பிஸ்டனும், இரண்டு கனெக்டிங் ராடும் ஒரு கிராமுக்குள் சம எடையில் இருக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்ட், ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட் மூன்றையும் சேர்த்து மாட்டி பேலன்ஸ் பார்க்க வேண்டும். கிராங்க்கைத் தாங்க இரண்டே மெயின் பேரிங்குகள் என்பதால் அதிகச் சுழற்சியில் கிராங்க் வில்போல வளையப் பார்க்கும். ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைப்பது நல்லது, ஆனால் கடைபவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவராக இருக்கட்டும். வெடித்த ஃப்ளைவீல் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அடுத்து சிலிண்டர். டி, எஃப் மாதிரிகளின் 67.4 மில்லிமீட்டர் விட்டத்தை 73.5 ஆக்கினால், 70 மில்லிமீட்டர் ஓட்டத்தோடு 594 சிசி. 595 என்று பெயர் வந்த கணக்கு இதுதான். சிலிண்டர்கள் தனித்தனிக் குழல்கள் என்பதால் கழற்றி மாற்றுவது எளிது. இரண்டின் உயரமும் மிகச் சரியாக ஒன்றாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஒன்று தலைமுடி அளவு குட்டையாக இருந்தாலும் ஹெட் கேஸ்கெட் அந்தப் பக்கம் ஊதிவிடும். ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சால், மேனுவல் சொல்லும் வரிசையில், மூன்று தவணையாக இறுக்குங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு முழுதாக ஆறவிட்டு மறுபடி ஒரு முறை.

கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, அசல் 500 எஃப்-இல் 7-ஐ ஒட்டியது. 9 வரை போகலாம் என்பது என் கருத்து. அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு குதிரையும் தீவனமாகச் சூட்டைக் கேட்கும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் விஷயத்திலும் அடக்கம் தேவை. ஏழாயிரம் சுழற்சியில் மட்டும் உயிர்பெறும் கேம், நாலு கியர் காரில் பாதித் தடத்துக்குச் செத்துக் கிடக்கும். வால்வில் விட வேண்டிய டாப்பெட் இடைவெளி அசலுக்கு ஆறிய நிலையில் 0.15 மில்லிமீட்டர். மாற்றிய கேமுக்கு அதைச் செய்தவர் கொடுத்த எண்ணைத்தான் பின்பற்ற வேண்டும்.

என்ஜினின் பின்பக்கத்தை ஒரே ஒரு சுருள் ஸ்பிரிங் தாங்குகிறது. அது தளர்ந்திருந்தால் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் என்ஜின் தலையாட்டும், சைலன்சர் குழாய் கழுத்தில் விரிசல் விடும். மறக்காமல் பாருங்கள். கிராங்க் கேஸிலிருந்து வரும் ஆவிக் குழாயை ஒரு சேகரிப்பு டப்பாவுக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த அளவு என்ஜினுக்கு 2 லிட்டர் டப்பா போதும். தடத்தில் ஆயில் சிந்தினால் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் உங்கள் பெயரை மறக்க மாட்டார்கள்.

கியர்

அசல் பெட்டியில் சின்க்ரோ கிடையாது. இரட்டை கிளட்ச் பழக வேண்டும்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், விட்டு ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு, மறுபடி மிதித்துக் கீழ் கியர். ஒரு மாதம் ரோட்டில் பழகினால் காதே சொல்லிக்கொடுக்கும்.

கடைசிப் பல்சக்கரத்தின் விகிதம் அசலில் 8/41. நாலாவது கியர் 0.875. டயரின் சுற்றளவைச் சுமார் 1.58 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 6000 சுழற்சியில் மணிக்கு ஏறக்குறைய 127 கிலோமீட்டர். 8/39 போட்டால் 133. உங்கள் படிவம் இரண்டையும் அனுமதித்தால், வாரானோ போன்ற 2.375 கிலோமீட்டர் வளைந்த தடத்துக்கு முதலாவது, மோன்சா மாதிரி 5.793 கிலோமீட்டர் நீள ஓட்டத்துக்கு இரண்டாவது. முதல் பந்தயத்துக்கு மோன்சா வேண்டாம் என்பேன். பேர் பெரிது, ஆனால் ஆக்ஸிலரேட்டர் தரையில் ஒட்டியபடியே நிமிடக்கணக்கில் போகும். மேலே எழுதிய சூட்டுப் பாடம் முழுவதையும் ஒரே சுற்றில் பரீட்சை வைத்துவிடும்.

முதல் ஓட்டம்

பந்தயத்துக்கு முன் ஒரு நாள் தடத்தை வாடகைக்கு எடுக்கும் குழுவோடு சேர்ந்து ஓட்டுங்கள். மூன்று சுற்று, உள்ளே வாருங்கள், எல்லா நட்டையும் பாருங்கள். ஐந்து சுற்று, மறுபடியும். மானிகளின் எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். அன்றைய வெயிலையும் சேர்த்து எழுதினால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

ஓட்டும்போது ஒன்றே ஒன்று: வளைவின் நடுவில் பயந்து காலை எடுக்காதீர்கள். எடை பின்னால் இருப்பதால் வால் முன்னே வந்து உங்களைப் பார்க்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே போனபின் மெல்ல ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துக்கொண்டே வெளியே வாருங்கள். பெரிய கார்களோடு சேர்த்து ஓட்டவிட்டால் நீங்கள்தான் கடைசி. கண்ணாடியைப் பாருங்கள், உங்கள் பாதையிலேயே நிலையாகப் போங்கள், வேகமானவர் தாண்டிக்கொள்வார். வழிவிடுகிறேன் என்று கடைசி நேரத்தில் ஒதுங்குவதுதான் விபத்து.

வீடு வந்ததும், என்ஜின் சூடு ஆறுவதற்குள் ஆயிலை வடித்துவிடுங்கள். இந்தக் காரில் மாற்றிப்போடும் ஃபில்டர் கிடையாது. கிராங்க் கப்பிக்குள் இருக்கும் சுழல் வடிகட்டிதான் அழுக்கைச் சேர்த்து வைக்கும். அதன் மூடியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் கருப்புக் களிம்பை ஒரு வெள்ளைத் துணியில் வழித்து வெயிலில் காட்டிப் பாருங்கள். வெறும் கருப்பாக இருந்தால் துடைத்து மூடிவிடலாம். வெள்ளியாக மின்னினால் பிஸ்டனோ பேரிங்கோ எங்கோ உரசுகிறது. செம்பு நிறம் தெரிந்தால் அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டாதீர்கள், என்ஜினை இறக்குங்கள்.